மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தப் போகிறவர்களுக்கு: கடைசிப் பாதியில்தான் நிதானம் தேவை

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்து இப்போது ஓரளவு நன்றாக இருக்கிறவர்களுக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு இதை விழுங்குவது என்ற எண்ணம் ஒருநாள் வந்தே தீரும். நியாயமான எண்ணம்தான். ஆனால் அதைச் செயல்படுத்தும் விதத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கையிலிருக்கும் ஸ்ட்ரிப் தீர்ந்ததும் அடுத்ததை வாங்காமல் விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் தலை சுற்றும், தூக்கம் கெடும், ஒன்றுமில்லாததற்கு அழுகையும் எரிச்சலும் வரும். உடனே "நோய் திரும்பிவிட்டது, இனி சாகும்வரை மாத்திரைதான்" என்று முடிவுகட்டி, பழைய டோஸுக்கே போய்விடுவார்கள். அந்த முடிவு தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது நோய் இல்லாமல், மருந்து திடீரென்று போனதற்கு மூளையும் உடம்பும் காட்டும் எதிர்வினையாக இருக்கலாம். இதைத்தான் விலகல் அறிகுறிகள் என்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது டாக்டருக்கு மாற்று இல்லை. டாக்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதியது. இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை வெட்ட ஆரம்பிக்காதீர்கள்.

நிறுத்துகிற நேரமா இது?

நன்றாக ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் பொறுங்கள். மனச்சோர்வு சரியான பிறகும் குறைந்தது 6 மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. முன்பே பலமுறை வந்து போனவர்கள், திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ளவர்கள் என்றால் 2 ஆண்டுகள்கூடத் தொடரச் சொல்வார்கள். இருமுனைக் கோளாறு இருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், தற்கொலை முயற்சி செய்திருப்பவர்கள், மாத்திரை நிறுத்தி முன்பு மருத்துவமனை வரை போனவர்கள், இவர்கள் யாரும் டாக்டர் இல்லாமல் ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்கக் கூடாது. கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் அன்றே நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு. அதுவும் ஆபத்துதான், அன்றே டாக்டரிடம் பேசினால் போதும்.

வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்றும் பாருங்கள். வேலை மாறுவது, வீடு மாறுவது, பரீட்சை, விவாகரத்து, வீட்டில் ஒரு சாவு, இதெல்லாம் நடக்கும் மாதத்தில் தொடங்க வேண்டாம். ஏன் என்றால், மனம் கலங்கினால் அது மாத்திரை குறைத்ததாலா, நடப்பவற்றாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே காரணத்துக்காகத்தான் ஒரே நேரத்தில் இரண்டு மருந்தைக் குறைக்கக் கூடாது என்பதும், மாத்திரையோடு சிகரெட்டையும் சேர்த்து நிறுத்துகிறேன் என்று கிளம்பக் கூடாது என்பதும். சிகரெட் விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. டுலாக்ஸெடின், ஃப்ளூவோக்ஸமின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைப் புகை வேகமாகக் கரைய வைக்கும், புகைப்பதை விட்டால் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறும்.

உங்கள் மாத்திரை எந்த வகை?

எல்லா மாத்திரையும் உடம்பை விட்டு ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். வென்லாஃபாக்ஸினுக்கு அது சுமார் 5 மணி நேரம், அது உடம்பில் மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி நேரம். டுலாக்ஸெடினுக்குச் சுமார் 12 மணி நேரம், பராக்ஸெடினுக்குச் சுமார் 21, செர்ட்ராலினுக்குச் சுமார் 26, எஸ்சிட்டலோப்ராமுக்குச் சுமார் 30. ஃப்ளுவாக்ஸெடின் மட்டும் தனி ரகம். தொடர்ந்து எடுத்தவர்களுக்கு அதன் அரை ஆயுள் நாள்கணக்கில் போகும், உடம்பில் அது மாறி உருவாகும் பொருள் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கும். அதனால் நிறுத்தினாலும் அது தானாகவே மெல்ல இறங்கும்.

வேகமாக வெளியேறும் மருந்தில்தான் பொதுவாகத் தொல்லை அதிகம். பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் இதில் பேர்போனவை. வென்லாஃபாக்ஸின் எடுப்பவர்களில் சிலருக்கு ஒரு வேளை மறந்தாலே அன்று சாயங்காலம் தலைக்குள் என்னவோ செய்யும். அப்படி உங்களுக்கு நடந்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள். மறந்த நாளில் உடம்பு எப்படி இருந்தது என்பது, நிறுத்தும்போது எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல துப்பு. முன்பு ஒருமுறை நிறுத்த முயன்று கஷ்டப்பட்டது, பல ஆண்டு எடுத்தது, அதிக டோஸ், இவையெல்லாம் மெதுவாகப் போ என்று சொல்லும் அடையாளங்கள். மாறாக, சில வாரங்கள் மட்டும் எடுத்தவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிவிடலாம்.

எத்தனை பேருக்கு இந்த அறிகுறிகள் வருகின்றன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை. 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு, பாதிக்கும் மேல் என்றது, 56%. 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, நிறுத்தியவர்களில் 31% பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி வந்தது, ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17% பேர் அப்படியே சொன்னார்கள் என்றது. கடுமையான தொல்லை சுமார் 35 பேரில் ஒருவருக்கு என்று கணக்கிட்டது. அதில் சேர்ந்த ஆய்வுகள் பலவற்றில் மக்கள் குறுகிய காலமே மருந்து எடுத்திருந்தார்கள், நீண்ட நாள் எடுத்தவர்களின் நிலை வேறு என்று உடனே மறுப்பும் வந்தது. என்னைக் கேட்டால் இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்வதுதான் உதவும். நிறையப் பேர் பெரிய தொல்லை இல்லாமல் கடந்துவிடுகிறார்கள், எனவே முன்கூட்டியே நடுங்க வேண்டாம். ஒரு பகுதியினருக்கு உண்மையிலேயே மோசமாக இருக்கிறது, எனவே உங்களுக்கு வந்தால் அது கற்பனை இல்லை. இந்த அறிகுறிகளை டாக்டர்கள் 1950களின் கடைசியிலேயே, இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து வந்த கொஞ்ச நாளில், எழுதி வைத்துவிட்டார்கள்.

டாக்டரிடம் எப்படிப் பேசுவது

"நிறுத்தலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால் "இப்போ வேண்டாம், பார்க்கலாம்" என்ற பதிலோடு வெளியே வந்துவிடுவீர்கள். எத்தனை நாளாக எந்த டோஸ், எத்தனை மாதமாக நன்றாக இருக்கிறீர்கள், ஏன் நிறுத்த விரும்புகிறீர்கள், முன்பு முயன்றபோது என்ன ஆனது, வேறு என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள், இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்புறம் நேராகக் கேட்க வேண்டியவை: எந்த அளவில் குறைப்பது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, நடுவில் தாங்க முடியவில்லை என்றால் யாரை எப்படித் தொடர்புகொள்வது, சின்ன டோஸுக்குத் திரவ மருந்து கிடைக்குமா.

"ஒருநாள் விட்டு ஒருநாள் எடுங்கள்" என்று சொன்னால் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனை இது, ஆனால் பெரும்பாலான மாத்திரைகளுக்கு ஒத்துவராது. பராக்ஸெடினை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால், அடுத்த வேளை வருவதற்குள் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். வென்லாஃபாக்ஸின் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. அதாவது இரண்டு நாளைக்கு ஒருமுறை முழுசாக நிறுத்தி மறுபடி தொடங்குகிறீர்கள். தினமும் எடுத்து, எடுக்கும் அளவைக் குறைப்பதுதான் சரி. மெதுவாகக் கரையும் ஃப்ளுவாக்ஸெடின் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

"இந்த மருந்துக்கு விலகல் அறிகுறியே கிடையாது, எல்லாம் உங்கள் பழைய நோய்தான்" என்று அடித்துச் சொன்னால், இன்னொரு மனநல மருத்துவரையும் கேட்டுப் பார்க்கலாம். பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2019இல் தன் பழைய நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டு, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே எப்படி நிறுத்துவது என்று நோயாளிகளுக்கான கையேடும் போட்டது.

குறைக்கும் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். 20 மி.கி. எடுப்பவர் 10 ஆக்கி, அப்புறம் 5 ஆக்கி, அப்புறம் நிறுத்திவிடுவது என்பதுதான் பொதுவாக நடப்பது. 20இலிருந்து 10க்கு வரும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும். 5இலிருந்து பூஜ்யத்துக்குப் போனதும் தூக்கிப் போட்டுவிடும்.

காரணம் மூளையில் இருக்கிறது. இந்த மாத்திரைகள் செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சும் இடங்களில் போய் உட்கார்ந்து அவற்றை அடைக்கின்றன. நூறு நாற்காலி உள்ள மண்டபத்துக்கு ஆயிரம் பேர் வந்தால் தொள்ளாயிரம் பேர் வெளியேதான் நிற்பார்கள், அவர்களில் ஐநூறு பேர் வீட்டுக்குப் போனாலும் உள்ளே ஒரு நாற்காலிகூடக் காலியாகாது. கூட்டம் நூறுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் போகும் ஒவ்வொருவரும் தெரிய ஆரம்பிப்பார்கள். சிட்டலோப்ராமை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மி.கி. எடுத்தால் சுமார் 86% இடங்கள் அடைபடும், அதைப் பாதியாக்கி 20 ஆக்கினாலும் சுமார் 80% அடைபட்டே இருக்கும். 9 மி.கி. அளவில் 70%, 5.4 மி.கி.யில் 60%, 3.4 மி.கி.யில்கூட 50%. 10%க்கு இறங்க வேண்டுமென்றால் 0.4 மி.கி.க்கும் கீழே போக வேண்டும். ஆக, 5 மி.கி.யில் நிறுத்துகிறவர், சின்னப் படி என்று நினைத்து, மூளையைப் பொறுத்தவரை பாதி மலையிலிருந்து குதிக்கிறார். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2019இல் இந்தக் கணக்கைப் போட்டு லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதிய பிறகுதான், கீழே வர வர படிகளைச் சிறிதாக்க வேண்டும் என்ற முறை பரவலாகப் பேசப்பட்டது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டுதலும், முந்தைய டோஸில் ஒரு விகிதமாகக் குறையுங்கள், கீழே போனதும் இன்னும் சின்னச் சின்னதாகக் குறையுங்கள் என்கிறது.

விகிதமாக என்றால், அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் டோஸில் இத்தனை சதவீதம் என்று. கால் பங்கு குறைப்பதாக வைத்தால் 20, 15, 11, 8, 6, 4.5 என்று போகும். பத்துக்கு ஒன்று வீதம் குறைத்தால் 20, 18, 16, 14.5, 13 என்று போகும், பாதி டோஸுக்கு வரவே ஏழு படி ஆகும். இது எல்லோருக்கும் தேவைப்படாது. பலருக்குக் கால் பங்கு வீதம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு படி என்பது ஒத்துப்போகும். முன்பு கஷ்டப்பட்டவர்கள், பல ஆண்டு எடுத்தவர்கள் பத்து சதவீதத்தில் தொடங்கலாம். எப்படியும் முதல் படியைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக ஒன்று குறைத்து, நான்கு வாரம் அதிலேயே நின்று, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகு மிச்சத்தைத் திட்டமிடுங்கள். தேதி குறித்துக்கொண்டு "தீபாவளிக்குள் முடித்துவிடுவேன்" என்கிற மாதிரிச் சபதமெல்லாம் வேண்டாம். வேகத்தைக் காலண்டர் முடிவு செய்யக் கூடாது.

சின்ன டோஸை எப்படி உண்டாக்குவது

4.5 மி.கி. மாத்திரை எந்தக் கடையிலும் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். சில வழிகள் உண்டு, எது உங்கள் மருந்துக்குப் பொருந்தும் என்று டாக்டரோ மருந்தாளுநரோதான் சொல்ல வேண்டும். சாதாரண மாத்திரைகளில் பலவற்றை மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியால் பாதி, கால் என்று வெட்டலாம். அதற்குக் கீழே வெட்டினால் பொடியாகிவிடும், அளவும் ஒழுங்காக வராது.

அடுத்தது திரவ மருந்து. ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்றவை திரவமாகவும் தயாரிக்கப்படுகின்றன, எல்லா ஊரிலும் எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தால், ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சால் அளப்பது சுலபம். ஃப்ளுவாக்ஸெடின் திரவம் பெரும்பாலும் 5 மி.லி.யில் 20 மி.கி. என்று இருக்கும், அப்படியானால் 1 மி.லி.யில் 4 மி.கி. ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும், ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்துக் கணக்கை இன்னொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். தசம புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு. சிட்டலோப்ராம் சொட்டு மருந்தில் ஒரு குழப்பமும் உண்டு, அதில் 8 மி.கி. என்பது மாத்திரையில் 10 மி.கி.க்குச் சமம். நெதர்லாந்தில் நாளுக்கு நாள் குறையும் டோஸ்களைச் சின்னப் பைகளில் அடைத்து ஒரே சுருளாகத் தருகிறார்கள். எல்லா நாட்டிலும் வந்தால் நன்றாக இருக்கும்.

கேப்சூல்கள் வேறு கதை. வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின் கேப்சூலுக்குள் இருக்கும் மணிகளை நசுக்கவோ கரைக்கவோ மெல்லவோ கூடாது, மருந்து மெதுவாக வெளிவருவதும் வயிற்று அமிலத்தைத் தாண்டுவதும் அந்த மணியின் பூச்சால்தான். சிலர் டாக்டரின் ஆலோசனையோடு கேப்சூலைத் திறந்து மணிகளை எண்ணி எடுக்கிறார்கள், சில பிராண்டுகளில் உள்ளே மணிக்குப் பதில் குட்டி மாத்திரைகள் இருக்கும். அதேபோல் பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எக்ஸ்எல், சிஆர் என்று போட்ட, அதாவது மருந்தை மெதுவாக வெளிவிடும், எந்த மாத்திரையையும் கேட்காமல் வெட்ட வேண்டாம். குறைக்கும் காலம் முழுக்க முடிந்தவரை ஒரே பிராண்டையே வாங்குங்கள். வேகமாக வெளியேறும் மருந்திலிருந்து ஃப்ளுவாக்ஸெடினுக்கு மாறி அதிலிருந்து இறங்குவதும் ஒரு முறைதான், அதை டாக்டர் மட்டுமே செய்ய வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாள்களில் செரோடோனின் எகிறும் ஆபத்து உண்டு.

என்ன வரும், எப்போது வரும்

குறைத்த சில நாள்களுக்குள் பெரும்பாலும் தெரியும், ஃப்ளுவாக்ஸெடினில் மட்டும் வாரக்கணக்கில் தள்ளி வரலாம். தலைசுற்றல், தரை ஆடுவது போன்ற உணர்வு, குமட்டல், காய்ச்சல் வருவதற்கு முன் உடம்பு முறிவது போன்ற வலி, வியர்வை, தூக்கமின்மை, படம் ஓட்டுவது போன்ற கனவுகள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகளில் வயிற்றைக் கலக்குவதும் வாந்தியும் கூடுதலாக வரும். பிறகு எல்லோரையும் பயமுறுத்துகிற அந்த ஒன்று: தலைக்குள் ஒரு நொடி கரண்ட் அடித்து ஓய்வது போன்ற உணர்வு. கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போது இது வருவதாகப் பலர் சொல்கிறார்கள். கேட்கவே பயங்கரமாக இருக்கும், ஆனால் இதனால் மூளைக்குச் சேதம் ஏற்படுவதாகத் தெரியவில்லை, நாள்போக்கில் அடங்கிவிடும். மனதளவில் பதற்றம், எரிந்து விழுவது, டிவி விளம்பரம் பார்த்துக்கூட அழுவது, எதுவும் நிஜமில்லாதது போன்ற மூட்டம். பல ஆண்டு மரத்துப்போயிருந்த உணர்ச்சிகள் திரும்புவதும் இதோடு கலந்து வரும், அதில் எல்லாம் மோசமானதும் இல்லை.

இது நேர்கோட்டில் குறையாது. நான்கு நாள் நன்றாக இருந்து ஐந்தாம் நாள் அடித்துத் தள்ளும், மறுபடி தெளியும். அந்த ஐந்தாம் நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நோய் திரும்புகிறதா, விலகல் அறிகுறியா என்று பிரிக்க மூன்று விஷயத்தைப் பாருங்கள். எப்போது தொடங்கியது? குறைத்த சில நாளிலேயே என்றால் விலகல் பக்கம் சாயும், நோய் பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல ஏறும். இரண்டாவது, பழைய மனச்சோர்வில் இல்லாத புது உடம்புத் தொல்லைகள், அதாவது அந்தக் கரண்ட் உணர்வு, தலைசுற்றல், குமட்டல் போன்றவை கூடவே இருக்கின்றனவா? மூன்றாவது, முந்தைய டோஸுக்குத் திரும்பினால் சில நாளில் சரியாகிறதா? நோய்க்கு மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும், விலகல் அறிகுறி சட்டென்று அடங்கும். கணக்கு எப்போதும் இவ்வளவு சுத்தமாக வராது. அதற்காகத்தான் டைரி. தினமும் படுக்கும் முன் ஒரே ஒரு வரி: டோஸ், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை, உடம்புத் தொல்லைக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரத் தூக்கம். சளிக் காய்ச்சல், மாதவிடாய், சண்டை ஏதாவது இருந்தால் அதையும் ஒரு சொல்லில். இதற்கு மேல் எழுத வேண்டாம், நாள் முழுக்க உடம்பையே வேவு பார்ப்பதும் ஒரு நோயாகிவிடும்.

தாங்க முடியவில்லை என்றால்

லேசாக இருந்தால் அதே டோஸில் நில்லுங்கள், அடுத்த படியை எடுக்காதீர்கள். அது அடங்கி, ஓரிரு வாரம் நிம்மதியாகப் போன பிறகு குறைக்கலாம். வேலைக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தால் டாக்டரிடம் சொல்லி முந்தைய டோஸுக்குத் திரும்புங்கள், அங்கே நிலைத்த பிறகு முன்னைவிடச் சின்னப் படியாக வையுங்கள். பின்னால் போவதைத் தோல்வியாக நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறவர்களைத்தான் இது அதிகம் படுத்துகிறது. இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

அன்றாடத்தில் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். தினமும் அதே நேரத்தில் மாத்திரை எடுங்கள், மறதிக்கு அலாரம் வையுங்கள், வெளியூர் போனால் இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். தலை சுற்றும் நாள்களில் வண்டி ஓட்ட வேண்டாம், படுக்கையிலிருந்து மெதுவாக எழுங்கள். குமட்டினால் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். காலையில் நடப்பது தூக்கத்துக்கு உதவும். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள், ஆனால் அதையும் ஒரேயடியாக விட்டு இன்னொரு தலைவலியை வாங்காதீர்கள். மது வேண்டவே வேண்டாம், அன்றிரவு தூங்க வைத்து மறுநாள் பதற்றத்தை இரட்டிப்பாக்கும். தூக்க மாத்திரையைத் தானாக வாங்குவது ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் வேலை. "இயற்கை மூலிகைதானே" என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எடுக்காதீர்கள், இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் செரோடோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை, இரண்டையும் டாக்டரைக் கேட்டே எடுங்கள்.

கூட இருக்கும் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "அடுத்த சில மாதம் நான் சிடுசிடுப்பேன், அது உன்மேல் இருக்கும் கோபம் இல்லை" என்று சொன்னாலே பாதிச் சண்டை குறையும். அவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு, உங்களுக்குத் தெரியாத மாற்றத்தை அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.

கீழே சொல்பவை வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்கக் கூடாது: சாக வேண்டும் என்ற எண்ணம், ஓர் இடத்தில் உட்காரவோ நிற்கவோ முடியாமல் உள்ளுக்குள் துரத்துவது போன்ற தவிப்பு, தூங்காமலே அளவு கடந்த உற்சாகமும் வேகமும், இல்லாத குரல் கேட்பது, வலிப்பு. அன்றே டாக்டர், இல்லையென்றால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அந்தத் தவிப்பைச் சாதாரணப் பதற்றம் என்று தள்ளிவிடாதீர்கள், அது இருக்கும்போது தற்கொலை எண்ணமும் வேகமாக வரலாம். தனியாக இருக்காதீர்கள், வீட்டிலிருக்கும் மாத்திரைகளை இன்னொருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஒரேயடியாக நிறுத்திவிட்டேனே

நிறுத்திச் சில வாரம் ஆகி எந்தத் தொல்லையும் இல்லை என்றால், குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதற்காக மறுபடி ஆரம்பிக்கத் தேவையில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கவனித்துக்கொண்டிருங்கள். நிறுத்திச் சில நாளிலேயே மோசமாக இருந்தால், பெரும்பாலும் டாக்டர் மருந்தைத் திரும்பத் தொடங்கி அப்புறம் மெதுவாக இறக்குவார். பல மாதம் கழித்துத் திரும்பத் தொடங்குவது அவ்வளவு நேரானதில்லை, சிலருக்குப் பழைய முழு டோஸ் அப்போது ஒத்துக்கொள்ளாது. எனவே வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்து விழுங்காமல், கேட்டுவிட்டு எடுங்கள்.

பூஜ்யத்துக்குப் பிறகு

கடைசிப் படியை எடுத்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் டைரியைத் தொடருங்கள், தினமும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை. பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான ஆன்ட்லர் ஆய்வில், நீண்ட நாள் மாத்திரை எடுத்து நன்றாக இருந்தவர்களில், நிறுத்திய குழுவில் 56% பேருக்கு ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்த குழுவிலும் 39% பேருக்குத் திரும்பியது. நிறுத்தியவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் நன்றாகவே இருந்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம். எதுவானாலும், மாத்திரை செய்துகொண்டிருந்த வேலையில் கொஞ்சத்தையாவது வேறொன்று செய்ய வேண்டும். நிகழும் கணத்தில் கவனத்தை வைக்கப் பழக்கும் மனமுழுமை (மைண்ட்ஃபுல்னெஸ்) சிகிச்சையோடு மாத்திரையைக் குறைத்தவர்களையும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களையும் இரண்டு ஆண்டு ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வில், நோய் திரும்பிய விகிதம் 44%, 47% என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே கவுன்சிலிங்கோ சிகிச்சையோ எடுக்க வழியிருந்தால், மாத்திரையைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். தள்ளாடும்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

சிலர் இறங்கி வந்து, ஒரு சின்ன டோஸில் நன்றாக இருப்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதுவும் நல்ல முடிவுதான், 20க்குப் பதில் 5 என்பதே பக்கவிளைவுகளைக் குறைக்கலாம். மாதங்கள் கழித்து, பழைய நோயின் முதல் அடையாளங்கள், உங்களுக்கு அவை எது என்று உங்களுக்கே தெரியும், காலையில் எழ முடியாமை, போனை எடுக்காமல் விடுவது, பசியில்லாமை, இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் நோய் முற்றும்வரை காத்திருக்காதீர்கள். முன்பு உங்களுக்குக் கேட்ட மருந்து மறுபடியும் கேட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் மீளலாம். அதனால் எந்த மருந்து, எந்த டோஸ், எத்தனை வாரத்தில் வேலை செய்தது, எப்படி இறங்கினீர்கள் என்பதை டைரியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள், மிச்சமிருக்கும் மாத்திரைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.